நெல்லூர்க்காரி மறுபடி புல் மேய்ந்த கோடை

கல்யாணமாகி ராயபுரத்துக்கு நான் வந்த அன்று, அந்த வீட்டில் என்னை நிதானமாகப் பார்த்தது பசு ஒன்றுதான். மற்றவர்கள் எல்லாரும் கூட்டத்துக்கும் அடுப்புப் புகைக்கும் நடுவே அவசரமாக ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்கள். கால் கழுவப் பின்பக்கம் போனேன். கொட்டகையின் அரை இருட்டில் வெள்ளையாக ஏதோ அசைந்தது. கண் பழகியதும், ஒரு பெரிய பசு அசைபோடுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்தது. அதன் கண்ணில் நான் சின்னதாக, மாலையும் கழுத்துமாக நின்றுகொண்டிருந்தேன்.

மாமியார் பின்னாலேயே வந்துவிட்டார். "அது நெல்லூர்க்காரி. தெலுங்கு தெரியுமா உனுக்கு? தமிள்ல சொன்னா காதுல வாங்காது" என்றார்.

அப்படித்தான் அந்தப் பசுவுக்கு அந்தப் பெயர். நெல்லூரிலிருந்து சரக்கு ரயிலில் கன்றோடு வந்து ராயபுரம் ஸ்டேஷனில் இறங்கியிருக்கிறாள். ஸ்டேஷனிலிருந்து எங்கள் சந்துக்கு நடந்த நடைதான் அவள் நடந்த கடைசி நடை. அதன்பின் கொட்டகையில் கட்டியதுதான். நான் வருவதற்குள் கன்று செத்துப்போயிருந்தது. கறந்த பால் எல்லாம் செம்புக்குப் போனால் கன்றுக்கு என்ன மிஞ்சும்? அப்போது எனக்கு அப்படிக் கேட்கத் தோன்றவில்லை. ஆணியில் தொங்கிய சின்னக் கயிற்றை மட்டும் பார்த்தேன்.

வீட்டில் நாங்கள் மூன்று பேர். என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். மாமியார் பால் ஊற்றினார். மாமனார் நான் வருமுன்பே காலமாகிவிட்டார். என் வேலை பருத்திக்கொட்டை ஆட்டுவது. முதல் நாள் ஊறப் போட்டதை விடியற்காலையில் கல்லில் போட்டு ஆட்டுவேன். துறைமுகத்துச் சங்கு ஊதும் நேரத்தில் கல்லிலிருந்து வெள்ளையாகப் பால் வழியும். பக்கத்துத் தொட்டியில் கடலைப் புண்ணாக்கு கட்டி கட்டியாகத் தண்ணீரில் கிடந்து, தூங்குகிறவர்கள் கை நெகிழ்வது போலக் கொஞ்சம் கொஞ்சமாக அவிழும். கடல் காற்றும் புண்ணாக்கு வாசமும் சேர்ந்து ஒரு மயக்கம் வரும். அந்த மயக்கத்திலேயே என் புது வாழ்க்கையின் முதல் மாதங்கள் போய்விட்டன என்று இப்போது தோன்றுகிறது.

மாமியாருக்குத் தீனி விஷயத்தில் ஒரே கொள்கை. "எவ்ளோ உள்ள போவுதோ அவ்ளோ வெளிய வரும்" என்பார். புண்ணாக்கு, பருத்திக்கொட்டை, தவிடு, துவரம்பொட்டு, அதற்கு மேல் கால்வாய்ப் படகில் வரும் வைக்கோல். பச்சை என்று ஒரு இணுக்கு கிடையாது. எங்கள் சந்தில் மாடு வைத்திருந்த எல்லார் வீட்டிலும் அதேதான். முதலில் அவர் சொன்னபடியே நடந்தது. காலையில் மூன்று படி, சாயங்காலம் இரண்டு படி என்று நெல்லூர்க்காரி கறந்தாள். நுரை செம்பின் வாயைத் தாண்டி நிற்கும்.

வருஷம் ஒன்று திரும்பியதும் பால் இறங்க ஆரம்பித்தது. அது இயற்கைதான். மறுபடி சினை பிடித்து மறுபடி கன்று போட்டால் மறுபடி பால். ஆனால் நெல்லூர்க்காரி காளை கேட்டுச் சினைக்குக் கத்தவே இல்லை. ஒரு மாதம், இரண்டு மாதம் என்று பார்த்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. மாமியார் விடியற்காலையில் எழுந்ததும் முதலில் காதைத்தான் தீட்டுவார். கொட்டகையிலிருந்து அசைபோடும் சத்தம் மட்டும் வரும்.

பால் இறங்க இறங்க, அவர் தீனியை ஏற்றினார். நெல்லூர்க்காரி பெருத்தாள். முதுகு பலகை மாதிரி ஆகிவிட்டது. செம்பை அதன் மேல் வைத்தால் நிற்கும். அவ்வளவு தின்றும் அவளுக்கு ஏதோ போதவில்லை. சுவரில் பூசியிருந்த சுண்ணாம்பை நக்கி நக்கி ஒரு ஆள் உயரத்துக்குச் செங்கல் தெரிந்தது. கொடியில் காய்ந்த துணியைக் கழுத்தை நீட்டி இழுத்து மெல்லுவாள். என் வீட்டுக்காரரின் காக்கிச் சட்டையில் ஒரு கை முழுவதும் போயிற்று. அவர் மீதிச் சட்டையைப் பிடித்துக்கொண்டு கொட்டகை வாசலில் நின்று, "எம்மா, இதுக்கு இன்னாதான் வோணுமாம்?" என்று கேட்டார். மாமியார் தொட்டியில் இன்னும் ஒரு கட்டிப் புண்ணாக்கைப் போட்டார்.

அந்த நாட்களில் ஒரு தரகர் சந்துப் பக்கம் வந்துபோவார். பால் வற்றிய மாட்டைப் பிடித்துக்கொண்டு, கன்று போட்ட மாட்டைக் கொண்டுவந்து கட்டுவது அவர் தொழில். வற்றிய மாடுகள் எங்கே போகும் என்று யாரும் கேட்பதில்லை; எல்லாருக்கும் தெரியும். அவர் நெல்லூர்க்காரியின் முதுகில் தட்டிப் பார்த்து, "இது இனிமே சினை நிக்காது ஆயா. சும்மா தின்னுகினு கீது. குடுத்துட்டு வேற கட்டு" என்பார்.

"அப்பால பாக்கலாம் போ" என்பார் மாமியார். அவர் போன பிறகு ஒரு குத்துத் தவிடு அதிகமாகப் போட்டுவிட்டு, யாருக்கும் கேட்காத மாதிரி தெலுங்கில் ஏதோ சொல்லுவார்.

அப்படியிருக்கும்போதுதான் நாற்பத்திரண்டாம் வருஷத்துச் சித்திரை வந்தது. ஜப்பான்காரன் கப்பலில் வருகிறான், குண்டு போடப் போகிறான் என்று பேச்சு. துறைமுகம் பக்கத்தில் என்பதால் எங்கள் பேட்டைதான் முதலில் காலியாயிற்று. தெருத் தெருவாகப் பூட்டு. ரயிலில் ஜன்னல் வழியாகப் பிள்ளைகளை ஏற்றினார்கள். நாங்கள் பால் ஊற்றின வீடுகளில் ஒவ்வொன்றாகச் செம்பு வராமல் போயிற்று. கால்வாயில் வைக்கோல் படகு நின்றுவிட்டது. வண்ணாரப்பேட்டையில் எங்களுக்குப் பருத்திக்கொட்டை கொடுக்கிற பாய், கடைப் பலகையை ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டே, "கொட்டையும் இல்ல, புண்ணாக்கும் இல்லமா. உசுரோட இருந்தா பாக்கலாம்" என்றார்.

எனக்கு அந்த நாட்கள் பயமாக நினைவில் இல்லை. மதிய வெயிலில் ஒரு ஈ பறக்கிற சத்தம் கேட்கிற தெருவை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. மாதாகோயில் மணி அடித்தால் அந்த ஓசை ஆளில்லாத வீடுகளுக்குள் போய்ச் சுற்றிவிட்டு வருகிற மாதிரி இருந்தது. வாசல்களில் யாரும் அழிக்காத கோலம் அப்படியே வெளிறிக்கொண்டிருந்தது.

என் வீட்டுக்காரர் வேலையை விட்டு வர முடியாது. எங்களை மாதவரத்துக்கு அனுப்பினார். அவரோடு வேலை செய்தவரின் தங்கை அங்கே ஏரிக்கரையில், மாந்தோப்புக்குப் பக்கத்தில் ஒரு குடிசை வைத்திருந்தாள். "மாட்டை இன்னா பண்றது?" என்றார். தரகரே ஊரை விட்டுப் போயிருந்தார். "அது என்கூட வரும்" என்றார் மாமியார்.

வெளிச்சம் வரும்போதே கிளம்பினோம். கொட்டகை வாசலுக்கு வந்ததும் நெல்லூர்க்காரி நின்றுவிட்டாள். இரண்டு வருஷத்துக்கு மேலாக அவள் வெயிலைப் பார்க்கவில்லை. குளம்புகள் வளர்ந்து செருப்பு மாதிரி முன்னால் நீண்டிருந்தன. தெருவில் விழுந்த தன் நிழலைப் பார்த்து மிரண்டாள். மாமியார் முன்னால் கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டு போக, நான் பின்னால் மூட்டையோடு நடந்தேன். நெல்லூர்க்காரி நூறு அடிக்கு ஒரு தரம் நின்று மூச்சு வாங்கினாள். கால்வாய்ப் பாலத்தில் வெகுநேரம் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எங்களுக்கும் அவசரம் போய்விட்டது. மூன்று பேரும் நின்று தண்ணீரைப் பார்த்தோம்.

வியாசர்பாடி தாண்டும்போது நெல்லூர்க்காரி ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். பக்கத்துக் குடிசைகளிலிருந்து பெண்கள் குடத்தில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். ஒருத்தி பசுவின் வயிற்றைப் பார்த்துவிட்டு, "பாவம், நெறமாசமா? இந்த வெயில்ல இஸ்துகினு வரீங்களே" என்றாள்.

மாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான்தான், "இல்லமா, அது வெறும் கொழுப்பு" என்றேன்.

மாதவரம் போய்ச் சேரப் பொழுது உச்சிக்கு வந்துவிட்டது. ஏரி கோடையில் உள்ளே சுருங்கிக் கிடந்தது. தண்ணீர் பின்வாங்கிய இடமெல்லாம் புல். அவ்வளவு பச்சையை ஒரே இடத்தில் பார்த்து எனக்குக் கண் கூசியது. நடுவில் கொக்குகள், அதற்கப்பால் தண்ணீர், அதற்கப்பால் பனைமரங்கள் கானலில் நடுங்கிக்கொண்டிருந்தன.

நெல்லூர்க்காரியைப் புல்லில் கொண்டுபோய் விட்டோம். அவள் தின்னவில்லை. முழங்கால் அளவு பச்சையில் நின்றுகொண்டு குடிசைப் பக்கம் பார்த்துக் கத்தினாள். வாளி வரும் என்று காத்திருந்தாள். சின்ன வயதில் நெல்லூரில் மேய்ந்தவள்தான். ஆனால் தலையைக் குனிந்து தானாகத் தின்னலாம் என்பது மறந்துபோயிருந்தது. மாமியார் ஒரு கைப்பிடி புல்லைப் பிடுங்கி வாயருகே நீட்டினார். முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள். அன்று முழுவதும் அவள் ஒன்றும் தின்னவில்லை. மாமியாரும் சாப்பிடவில்லை.

மறுநாள் காலையில் பனி இருக்கும்போது போய்ப் பார்த்தேன். தலை குனிந்திருந்தது. நாக்கை நீட்டி ஒரு கொத்துப் புல்லைச் சுற்றினாள். விட்டாள். மறுபடி சுற்றினாள். அப்புறம் கர்ரக் என்று ஒரு சத்தம். மாடு புல்லை அறுக்கிற சத்தம் எனக்கு அதுவரை தெரியாது. ஈரத் துணியைக் கிழிக்கிற மாதிரி இருக்கும். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே வரப்பில் உட்கார்ந்திருந்தேன். வெயில் முதுகில் ஏறினதுகூடத் தெரியவில்லை.

ஆனால் கஷ்டமும் அன்றே ஆரம்பித்தது. முதல் வாரம் வயிறு ஒத்துக்கொள்ளாமல் பச்சையாகக் கழிந்தாள். பால் ஒரு படியிலிருந்து இரண்டு ஆழாக்குக்கு வந்துவிட்டது. மாமியார் செம்பைச் சாய்த்துச் சாய்த்துப் பார்ப்பார். "புண்ணாக்கு இல்லாம இன்னாத்தக் கறக்கும்? புல்லு தின்னா தண்ணிதான் வரும்" என்று புலம்பினார். பக்கத்து ஊர்களுக்கெல்லாம் ஆள் விட்டுப் புண்ணாக்குத் தேடினார். கிடைக்கவில்லை. கிடைக்காமல் போனதுதான் எங்கள் நல்ல காலம் என்று அப்போது தெரியுமா?

பால் குறைந்ததே தவிர, அதன் நிறம் மாறியிருந்தது. ராயபுரத்தில் சுண்ணாம்புத் தண்ணீர் மாதிரி வெளுப்பாக இருக்கும். இங்கே சாமந்திப் பூவைக் கழுவின தண்ணீரைக் கலந்த மாதிரி லேசான மஞ்சள். நான் காட்டினேன். மாமியார் விரலில் தொட்டு நாக்கில் வைத்தார். மறுபடி ஒரு தரம் தொட்டு வைத்தார்.

ஏரியில் ஒரு பெண் நான்கு மாடுகள் மேய்ப்பாள். என் வயசுதான் இருக்கும். இடுப்பில் எப்போதும் குழந்தை. எங்கள் பசுவை முளையடித்துக் கட்டியிருந்ததைப் பார்த்துவிட்டு, "ஏன்க்கா அத்தக் கட்டி வெச்சிகினு கீறீங்க? அவுத்து வுடுங்க. அது இன்னா ஓடியா பூடும்?" என்றாள்.

மாமியாரிடம் கேட்டேன். "ஏரியில எறங்கி சேத்துல மாட்டிக்கும். கட்டியே இருக்கட்டும்" என்றார். நான் தலையாட்டினேன். அவர் சோறு கட்டிக்கொண்டு ராயபுரத்துக்கு மகனைப் பார்க்கப் போகிற நாட்களில் மட்டும் தும்புக் கயிற்றை அவிழ்த்துவிட்டேன். நெல்லூர்க்காரி அந்த நான்கு மாடுகளுக்குப் பின்னால் சோம்பலாகப் போவாள். ஏரியைச் சுற்றிச் சாயங்காலம் திரும்புவாள். மாமியார் வருமுன் கட்டிவிடுவேன். ஒரு நாள் அவர் முன்னதாகவே வந்துவிட்டார். முளையில் வெறும் கயிறு. ஏரியின் அந்தக் கோடியில் வெள்ளையாக ஒரு புள்ளி. அவர் கண்ணுக்கு மேல் கை வைத்துப் பார்த்தார்.

"எவ்ளோ நாளா இந்த வேல?"

"பத்து, பன்னண்டு நாளா அத்த."

ஏச்சு வரும் என்று நின்றேன். வரவில்லை. "நல்லாத்தான் நடக்குது" என்று சொல்லிவிட்டுக் கூடையை இறக்கினார்.

அதன்பிறகு முளைக்கு வேலையில்லை. இரண்டு மாதத்தில் நெல்லூர்க்காரியின் உடம்பு மாறிப்போயிற்று. பலகை மாதிரி இருந்த முதுகில் நடுவில் ஒரு பள்ளம் விழுந்தது. குளம்பு தேய்ந்து அளவுக்கு வந்தது. மயிர் பட்டு மாதிரி மின்னியது. ஏரியோரத்து மண்ணில் உப்புப் பூத்த இடங்களைத் தேடித் தேடி நக்கினாள். குடிசைக் கொடியில் என் புடவை நாளெல்லாம் காய்ந்தது. அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஆனி மாதம் ஒரு காலை. மாமியார் ராயபுரம் போயிருந்தார். குடிசைக்குப் பின்னால் பெரிதாக ஒரு குரல் கேட்டது. அடித்தொண்டையிலிருந்து, நீளமாக. நான் பாம்புதான் கடித்துவிட்டது என்று அலறிக்கொண்டு ஓடினேன். நெல்லூர்க்காரி வாலைத் தூக்கிக்கொண்டு, காதை விறைத்துக்கொண்டு, நிற்க மாட்டாமல் சுற்றிச் சுற்றி வந்தாள். கண் வேறு மாதிரி இருந்தது. இடுப்புக் குழந்தையோடு மாடு மேய்க்கிறவள் ஏரியிலிருந்தே பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"பாம்பும் இல்ல, ஒண்ணும் இல்ல. உங்க மாடு சினைக்குக் கத்துதுக்கா!"

ஒன்றரை வருஷமாக என் மாமியார் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்த குரல், அவர் இல்லாத நாளில் வந்திருக்கிறது. ஊர்க் காளை ஏரிக்கு அந்தக் கரையில் நிற்கிறது என்றாள் அவள். இன்றைக்கு விட்டால் இன்னும் மூன்று வாரம், வருமோ வராதோ. கேட்டுவிட்டுச் செய்யலாம் என்றால் மாமியார் வரச் சாயங்காலம் ஆகிவிடும். அந்த வீட்டில் அதுவரை நானாக ஒரு முடிவும் எடுத்ததில்லை. சமையலுக்கு உப்புப் போடுவதைக்கூடக் கேட்டுத்தான் போடுவேன். கயிற்றைப் பிடித்தேன். "வா" என்றேன். தமிழில்தான் சொன்னேன். வந்தாள்.

சாயங்காலம் மாமியார் கூடையை இறக்குமுன்பே சொல்லிவிட்டேன்.

"என்னைக் கேக்காமயா?"

"நீங்க இல்லியே அத்த."

"சினை புடிச்சா இருக்கற பாலும் அத்துப்பூடுமே."

"இருக்கற பால் எங்க கீது அத்த? ரெண்டு ஆழாக்கு."

அவர் என்னை முறைத்தார். பிறகு உதடு கோணியது. சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் வாசலில் உட்கார்ந்துவிட்டார். நான் அவரை அப்படிச் சிரித்துப் பார்த்ததில்லை. கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்துவிட்டு, எழுந்துபோய் நெல்லூர்க்காரியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றார்.

மறுபடி கத்தினால் சினை நிற்கவில்லை என்று அர்த்தம்; மூன்று வாரம் எண்ணினோம். இருபத்தோராம் நாள் இரண்டு பேரும் மேய்ச்சலுக்கு அவள் பின்னாலேயே போனோம். கொக்கு பறந்தது, மாம்பழம் விழுந்தது, நெல்லூர்க்காரி புல் அறுத்துக்கொண்டே இருந்தாள். கத்தவில்லை. மறுநாளும் கத்தவில்லை. ஒரு காலத்தில் கத்தாததற்கு அழுதோம். இப்போது கத்தாததற்காகக் கற்பூரம் ஏற்றினோம்.

மழை ஆரம்பிக்கிற சமயத்தில் ஊர் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. நாங்களும் திரும்பினோம். போகும்போது நாங்கள் அவளை இழுத்தோம். வரும்போது அவள் முன்னால் போக, நாங்கள் கயிற்றைத் தொங்கவிட்டுக்கொண்டு பின்னால் வந்தோம்.

வண்ணாரப்பேட்டை பாய் கடையைத் திறந்திருந்தார். முதல் மூட்டை பருத்திக்கொட்டையைப் பார்த்ததும் மாமியாருக்குப் பழைய ஞாபகம் வந்துவிட்டது. "ரெண்டு உசுரு. முன்னவிட ஜாஸ்தி போடணும்" என்று தொட்டி நிறைய ஊறப்போட்டார். நான் எதிர்த்துப் பேசினேன். புல்லும் வேண்டும், புண்ணாக்கு பாதி போதும் என்றேன். மூன்று நாள் பேச்சுவார்த்தை இல்லை. என் வீட்டுக்காரர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, "மாட்டாஸ்பத்திரிக்கு இஸ்துகினு போங்க. டாக்டர் சொல்றதக் கேளுங்க" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டார்.

டாக்டர் முழங்கைக்கு மேல் சோப்புப் போட்டுக்கொண்டு உள்ளே கைவிட்டுப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கையை எடுத்துக் கழுவிக்கொண்டே, "சினைதான். நல்லா கீழே இறங்கியிருக்கு" என்றார். பிறகு என்ன தீனி என்று கேட்டார். மாமியார் பழைய கணக்கை ஒப்பித்தார். ஏரிக் கதையை நான் சொன்னேன். டாக்டர் தலையாட்டிக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னார்.

"வெறும் புண்ணாக்கும் காஞ்ச வைக்கோலும் போட்டா பால் வரும்மா, இல்லேங்கல. ஆனா சினை நிக்கறதுக்கு வேற சத்து வேணும். அது பச்சையிலதான் இருக்கு. மாடு நடக்கணும், வெயில் படணும். ரொம்பக் கொழுத்தாலும் நிக்காது, ரொம்ப இளைச்சாலும் நிக்காது. சுவர நக்குது, துணியத் தின்னுதுன்னா எலும்புச் சத்து கொறைச்சல். தீனியில கொஞ்சம் உப்பும் எலும்புத் தூளும் கலந்து குடுங்க."

"எலும்பா!" என்றார் மாமியார். "மாட்டுக்கா? சிவ சிவா." முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, மாட்டைப் பிடித்துக்கொண்டு, டாக்டரிடம் சொல்லிக்கொள்ளக்கூட இல்லாமல் வெளியே வந்துவிட்டார்.

புல்லுக்கு மட்டும் சம்மதித்தார். கொடுங்கையூர்ப் பக்கம் சாக்கடைத் தண்ணீர் பாய்ச்சி வளர்த்த புல்லைப் பெண்கள் தலைச்சுமையாகக் கொண்டுவருவார்கள். "கலீஜ் தண்ணில மொளச்சது" என்று ஒவ்வொரு கட்டையும் குழாயடியில் மூன்று தரம் அலசித்தான் போடுவார். புண்ணாக்கு பாதியானது. தினமும் காலையில் கறந்த பிறகு காசிமேட்டு மணலில் கொஞ்ச தூரம் நடத்திக்கொண்டு போய் வந்தேன். ஒரு மாதம் கழித்துத் தவிட்டுப் பானைக்குப் பின்னால் ஒரு தகர டப்பா பார்த்தேன். உள்ளே வெளுப்பாகத் தூள்.

"இன்னா அத்த இது?"

"சுண்ணாம்பு மாதிரி ஒரு மருந்து. உனுக்கு இன்னாத்துக்கு அதெல்லாம்" என்றார், என் முகத்தைப் பார்க்காமல். நானும் மேலே கேட்கவில்லை. தினம் ஒரு கரண்டி அவரே கலந்தார்.

ஏழாம் மாதம் கறப்பதை நிறுத்தினோம். கன்று போட இரண்டு மாதம் இருக்கும்போதே நிறுத்த வேண்டும் என்பது தெரிந்ததுதான். ஆனால் சந்தில் யாரும் நிறுத்துவதில்லை, கடைசிச் சொட்டுவரை பார்ப்பார்கள். மாமியார் வாடிக்கை வீடுகளுக்குத் தானே போய், "ரெண்டு மாசம் என்கிட்ட பால் கெடயாது. வேற எடத்துல வாங்கிக்கோங்க" என்று சொல்லிவிட்டு வந்தார். வீட்டுக்கு வந்து கொஞ்ச நேரம் காலி செம்புகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

பங்குனி மதியத்தில் கன்று பிறந்தது. நானும் அவரும்தான் இருந்தோம். முன்னங்கால் இரண்டும் அதன்மேல் மூக்குமாக வந்தது; அப்புறம் ஒரே வழுக்கலில் வைக்கோல்மேல் ஈரமாக ஒரு உயிர். கிடேரி. நெல்லூர்க்காரி அதை நக்கிக் கொடுத்தாள். கூரை ஓட்டை வழியாக வெயில் விழ, கன்றின் மேலிருந்து ஆவி எழுந்தது. மாமியார் சீம்பாலைக் கறக்கச் செம்பை எடுத்தவர், கன்று தள்ளாடி எழுந்து மடியைத் தேடுவதைப் பார்த்துவிட்டு, செம்பைக் கீழே வைத்தார்.

"அது குடிக்கட்டும் மொதல்ல" என்றார்.

அந்த ஈத்தில் அவள் ஐந்து படி கறக்கவில்லை. நான்கு படிதான். ஆனால் அந்த நான்கு படி மாதக்கணக்கில் இறங்காமல் நின்றது. ஒரு காம்பு எப்போதும் கன்றுக்கு. மூன்றாம் மாதம் ஒரு காலை, சந்து முழுவதும் கேட்கிற மாதிரி நெல்லூர்க்காரி கத்தினாள். தரகர் மறுபடி தொழிலுக்கு வந்திருந்தார். சத்தம் கேட்டு எட்டிப் பார்த்து, "இன்னா ஆயா, மாடு கத்துது?" என்றார். "கத்துது. நல்லா கேட்டுக்கோ" என்றார் மாமியார். அதற்குப் பிறகு அந்த மனிதர் எங்கள் வாசலில் நின்றதில்லை. நெல்லூர்க்காரி எங்கள் வீட்டில் இன்னும் நான்கு கன்று போட்டாள். பக்கத்து வீடுகளிலும் புல்லுக்கட்டு இறங்க ஆரம்பித்தது. காலையில் மணலில் நடக்கிற மாடுகள் ஆறு, ஏழு என்று ஆயின.

அடுத்த வருஷம் நான் முழுகாமல் இருந்தேன். மூன்று வருஷமாக வாசலில் வந்து விசேஷம் உண்டா என்று விசாரித்துப் போனவர்கள் எல்லாம், "உக்காந்த எடத்த வுட்டு எழுந்திருக்காத, அசையாத" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். மாமியார் யார் சொன்னதையும் கேட்கவில்லை. முருங்கைக் கீரையாக ஆய்ந்து போட்டார். வெயில் ஏறுமுன் என்னையும் மாட்டையும் சேர்த்துக் கடற்கரைக்கு ஓட்டினார். கிடேரி அலையைப் பார்த்து முட்டப் போவதும், நுரை காலைத் தொட்டதும் துள்ளித் திரும்புவதுமாக இருக்கும். தூரத்தில் ஒரு கப்பல் உள்ளே வர நேரம் பார்த்து நிற்கும். நான் மூச்சு வாங்கி நின்றால், பின்னாலிருந்து குரல் வரும். மாட்டுக்குத் தெலுங்கிலும் எனக்குத் தமிழிலும்.

"மெதுவா நட பொண்ணே. நிக்காத."

ஐப்பசி மழையில் என் பெண் பிறந்தாள்.